திறப்பைக் காணவில்லையா? முதலில் பூனையை விசாரியுங்கள்

உவர்மலையில் எங்கள் வீட்டுப் பூனைக்கு ஒரு வயதுதான், ஆனால் மோட்டார் சைக்கிள் திறப்பு, ஒற்றைக் காலுறை, தலைமுடி கட்டும் றப்பர் பாண்ட் என்று எதையும் விட்டுவைக்காது, கௌவிக்கொண்டு போய் எங்கேயாவது ஒளித்துவிடும். பிடித்த இரையைப் பாதுகாப்பான மூலைக்குக் கொண்டுபோகிற அதே வேட்டைக் குணம்தான் இது, திருட்டுப் புத்தி இல்லை.

பொருள் தொலைந்தால் வீட்டைப் புரட்டாமல் கட்டிலுக்கடி, அலுமாரிக்குப் பின்பக்கம், குசினியில் அரிசி வாளிக்குப் பின்னால் என்று தரையோடு ஒட்டிய இருட்டு இடங்களில் டோர்ச் அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் எல்லாம் குவிந்து கிடக்கும். எங்கள் வீட்டில் செட்டிக்கு அடியிலிருந்து அம்மாவின் தோடு கூட வந்தது!

வாயில் வைத்திருக்கும்போது துரத்தாதீர்கள், அது விளையாட்டென்று நினைத்து இன்னும் ஓடும். கொஞ்சம் கருவாட்டு வாசம் காட்டினால் போதும், தானே போட்டுவிட்டு வரும் (உப்புக் கூடிய சாமான், தின்னக் கொடுக்க வேண்டாம்). பின்னேரம் சாப்பாட்டுக்கு முன் ஒரு பத்து நிமிடம் கயிறு ஆட்டி ஓடவிட்டால் இரவுக் களவு குறையும்.

நூல், ஊசி, றப்பர் பாண்ட் மட்டும் கட்டாயம் மூடி போட்ட டப்பாவில் இருக்கட்டும். நூலை விழுங்கினால் குடலைச் சுருட்டி இழுத்துவிடும். வாயிலோ பின்பக்கமோ நுனி தெரிந்தாலும் இழுக்க வேண்டாம், நேரே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.