'டேக் எ ரெயின் செக்': அழைப்பைத் தள்ளிப்போடும் முறை

மாலையில் காபி குடிக்க அழைத்த அமெரிக்க நண்பரிடம் ஒருவர் 'கேன் ஐ டேக் எ ரெயின் செக்?' என்று கேட்டால், அதில் மழையும் இல்லை, வங்கிக் காசோலையும் இல்லை. 'இன்று இயலவில்லை, இந்த அழைப்பை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா?' என்பதே அதன் பொருள்.

இத்தொடர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க பேஸ்பால் மைதானங்களில் பிறந்தது. ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட அந்த ஆட்டம், பொதுவாக ஐந்து இன்னிங்ஸ் முடிவதற்குள் மழையால் கைவிடப்பட்டால் அக்காலத்தில் கணக்கில் சேர்க்கப்படுவதில்லை. ஆகவே பார்வையாளர்கள் தம்மிடமுள்ள சீட்டுத் துண்டைக் காட்டி வேறொரு நாள் கட்டணமின்றி ஆட்டம் பார்க்க முடிந்தது. அந்தத் துண்டுதான் ரெயின் செக்; 'செக்' என்றால் இங்கே அடையாளச் சீட்டு. பிற்காலத்தில், தள்ளுபடிப் பொருள் தீர்ந்துவிட்டால் அதே விலைக்குப் பின்னர் வாங்கிக்கொள்ள அமெரிக்கக் கடைகள் தரும் சீட்டுக்கும் இப்பெயரே வழங்கலாயிற்று.

பேச்சில் இதைக் கையாளும்போது, அழைத்ததற்கு முதலில் நன்றி கூறி, வர இயலாத காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லி, அதன்பின் இத்தொடரைச் சேர்ப்பது நன்று. எதைத் தள்ளிப்போடுகிறோம் என்பதைக் குறிக்க 'ஆன்' என்னும் சொல் வர வேண்டும்: 'ஐ வில் டேக் எ ரெயின் செக் ஆன் தட் காபி'. கூடவே 'ஹவ் அபௌட் ஃப்ரைடே?' என்று நாமே ஒரு நாளைச் சொல்லிவிட்டால் அழைத்தவருக்கு ஐயம் எழாது. நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. வர விருப்பமில்லாதபோதும் நாம் 'பார்க்கலாம்' என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் பழக்கத்தில் இத்தொடரையும் சொன்னால், அழைத்தவர் அதை உண்மையென்று நம்பி அடுத்த வாரமே மீண்டும் அழைக்கக்கூடும்.

இது நண்பர்களிடமும் நெருங்கிய சக ஊழியர்களிடமும் பேசும் பேச்சுக்கு உரியது. நேர்முகத் தேர்வின் நாளை மாற்றக் கேட்கும் மின்னஞ்சலில் 'ரீஷெட்யூல்' என்ற சொல்லே பொருந்தும். திருமண அழைப்புக்கும் இது சரிவராது; அந்த நிகழ்ச்சி நமக்காக இன்னொரு நாள் நடக்கப்போவதில்லை. வரவே எண்ணமில்லையென்றால், 'தேங்க்ஸ் ஃபார் ஆஸ்கிங், பட் ஐ கான்ட்' என்று பணிவாகச் சொல்லிவிடலாம்.