டீக்கடைச் சந்தேகமும் எம் புக்கும்: செய்தி, அரசு இரண்டையும் பார்ப்பதில் நாம் செய்யும் தவறுகள்

எங்கள் தெருமுனை டீக்கடையில் காலையில் மூன்று பேப்பர் வரும். ஏழு மணிக்குள் அவை பக்கம் பக்கமாகப் பிரிந்து, ஒருவர் கையில் ராசிபலன், இன்னொருவர் கையில் கிரிக்கெட் என்று போய்விடும். முதல் பக்கம் யார் கைக்குப் போனாலும் தீர்ப்பு ஒன்றுதான்: "எல்லாம் காசு வாங்கிட்டு எழுதுறானுங்க சார்." சொன்ன கையோடு அவரே போனை எடுத்து யாரோ அனுப்பிய வீடியோ ஒன்றைக் காட்டுவார். யார் எடுத்தது, எந்த ஊர், எந்த வருஷம், எதுவும் தெரியாது. அதன் மேல் மட்டும் அவருக்குச் சந்தேகமே வராது.

நானும் யோக்கியன் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பித்து வந்துவிட்டன என்று ஒரு மெசேஜ் சுற்றியதே, அதை மொட்டைமாடியில் நின்றுகொண்டு நாலு குரூப்பில் தட்டிவிட்டவன் நான். பண்ணைக்காரர்கள் அப்படி ஒன்றும் இல்லை என்று மறுத்தார்கள். என் மெசேஜ் போன வேகத்தில் அந்த மறுப்பு போகவில்லை, நானும் அதை அனுப்பவில்லை. அதனால் கீழே வருவதில் பாதி நான் செய்து திருந்திய தவறு, மீதி இன்னும் செய்துகொண்டிருப்பது.

முதலாவது, சேனல் யாருடையது என்று தெரிந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது. தமிழ்நாட்டில் இது ஒரு ரகசியமே இல்லை. 1993ல் சன் டிவி வந்தது, மாறன் குடும்பத்துடையது. 2007ல் கலைஞர் டிவி. அ.தி.மு.க. பக்கம் முன்பு ஜெயா டிவி, அப்புறம் நியூஸ் ஜெ. பா.ம.க.வுக்கு மக்கள் தொலைக்காட்சி, தே.மு.தி.க.வுக்கு கேப்டன் டிவி. கடைக்கு போர்டு மாட்டின மாதிரி வெளிப்படையாகவே இருக்கிறது. சார்பு இருக்கிறது என்று கண்டுபிடிப்பது ஒரு பெரிய சாதனை கிடையாது, அது எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று பார்ப்பதுதான் விஷயம். ஆளுங்கட்சி செய்த தப்பைத் தேடுபவருக்கு எதிர்க்கட்சிச் சேனலை விட்டால் சில நாள் வேறு இடமே இருக்காது, அங்கே வரும் எல்லாம் உண்மை என்பதற்காக இல்லை, அங்கே மட்டும்தான் அதைத் தோண்டுவார்கள் என்பதற்காக. ஒருநாள் ராத்திரி ஒரே செய்தியை ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு சேனல்களில் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகிற இடம் (தேதி, இடம், அரசாணை எண், இறந்தவர் எண்ணிக்கை) பெரும்பாலும் உறுதியாக நிற்கும். ஒன்று பத்து நிமிடம் காட்டியதை இன்னொன்று காட்டவே இல்லை என்றால், சார்பு அங்கேதான் இருக்கிறது.

வினைச்சொல்லையும் கவனிக்க வேண்டும், இதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை. நம் மொழியில் ஆளே இல்லாமல் வாக்கியம் எழுதிவிடலாம். "கூறப்படுகிறது." யார் கூறினார்? "தகவல் வெளியாகியுள்ளது." எங்கிருந்து? "வட்டாரங்கள் தெரிவிக்கின்றன." எந்த வட்டாரம்? ஒரு செய்தியில் இந்த மாதிரி சொற்களை எல்லாம் பேனாவால் அடித்துவிட்டு மிச்சத்தைப் படித்துப் பாருங்கள், சில நாள் ஊர்ப்பெயரும் தேதியும்தான் மிஞ்சும். அதே மாதிரி, வேண்டியவர் பேசினால் "விளக்கம் அளித்தார்", வேண்டாதவர் பேசினால் "மழுப்பினார்". இருவரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

கட்சியை மட்டும் பார்த்துவிட்டு விளம்பரத்தை மறந்துவிடுவது இன்னொன்று. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் முதல் பக்கத்தை மூடிக்கொண்டு முழுப்பக்க அரசு விளம்பரம் வருகிறது, அந்தப் பணம் நின்றால் பேப்பருக்கு வலிக்கும் என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். தனியார் விளம்பரமும் சளைத்ததில்லை. பிக்பாக்கெட் அடித்த பையனுக்குப் பெயர், வயது, தெரு எல்லாம் போடும் செய்தியில், பெரிய கடையில் லிஃப்ட் அறுந்து விழுந்தால் அது "தி.நகரில் உள்ள பிரபல ஜவுளிக்கடை" ஆகிவிடும். "பிரபல" என்ற சொல்லைப் பார்த்தால் அதே பேப்பரின் விளம்பரப் பக்கத்தை ஒருதரம் புரட்டிவிடுங்கள்.

வெளியூர் ஊடகம் நடுநிலையானது என்ற நினைப்பு 2023 மார்ச்சில் போயிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் வடக்கே பரவின, சில பத்திரிகைகளும் விசாரிக்காமல் போட்டன. பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே இங்கே அனுப்பிப் பார்த்தது. நம் ஊரில் நமக்குத் தெரிந்ததால் சிரித்தோம். சரி, மணிப்பூரைப் பற்றியோ காஷ்மீரைப் பற்றியோ வரும் வீடியோவை அங்கிருப்பவர் பார்த்துச் சிரிப்பாரா என்று நாம் யோசிப்பதில்லை.

இப்போது அரசு ரகசியத்துக்கு வருவோம், இங்கேதான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். 2016 செப்டம்பர் 22 இரவு முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 5 வரை 75 நாள். இடையில் வந்ததெல்லாம் சுருக்கமான மருத்துவ அறிக்கைகள்தான், படம் ஒன்று வெளிவரவில்லை. அந்த 75 நாளில் சென்னையில் கேட்காத கதை இல்லை, எங்கள் தெருவில் மட்டும் நான் ஆறு விதமாகக் கேட்டேன், ஒவ்வொன்றுக்கும் "உள்ளே வேலை பார்க்கிற ஆளே சொன்னார்" என்ற முத்திரை உண்டு. வாயை மூடிக்கொண்டால் பதற்றம் குறையும் என்று அதிகாரத்தில் இருப்பவர்கள் நினைத்தது ஒரு தவறு. நம் தவறு வேறு: "மறைக்கிறார்கள், அப்போ நான் நினைத்ததுதான் நடந்திருக்கு." மறைத்தார்கள் என்பதிலிருந்து மறைத்தார்கள் என்று மட்டும்தான் தெரியும், எதை என்று தெரியாது. ஆறு கதையும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வழியில்லையே.

2017ல் ஜெயலலிதாவின் மரணத்தை விசாரிக்க ஆறுமுகசாமி ஆணையம் அமைத்தார்கள், அறிக்கை 2022 அக்டோபர் 18 அன்று சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அதே நாளில் தூத்துக்குடி துப்பாக்கிச்சூடு பற்றிய அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கையும் வந்தது, 2018 மே மாதம் 13 பேர் இறந்த சம்பவம் அது. ஆணைய அறிக்கை வந்த அன்று டிவியில் ஓடும் வரியை மட்டும் படித்துவிட்டுப் பேசுவது நாம் எல்லாரும் செய்வது. ஆணையம் சொன்னால் தீர்ப்பு ஆகிவிடாது, அதன் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது. விசாரணை ஆணையங்கள் சட்டப்படி, அரசு கையில் அறிக்கை கிடைத்த ஆறு மாதத்துக்குள் என்ன நடவடிக்கை எடுத்தோம் என்ற குறிப்போடு சேர்த்து அதைச் சபையில் வைக்க வேண்டும். அந்த நடவடிக்கைக் குறிப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும், அதைத்தான் யாரும் படிப்பதில்லை.

தாமதமும் ஒரு வகை ரகசியம்தான். 2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள். அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று சொன்ன தணிக்கை அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2018 ஜூலையில். அதற்குள் அடையாற்றங்கரையில் இருந்தவர்களில் பலர் வீடு மாறிவிட்டார்கள், கேள்வி கேட்ட கோபமும் தணிந்துவிட்டது. இன்றைக்குச் செம்பரம்பாக்கத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள யூடியூபில் "சென்னைக்கு ஆபத்து" பார்க்க வேண்டியதில்லை, குடிநீர் வாரியத்தின் தளத்தில் ஏரி வாரியாகத் தினமும் போடுகிறார்கள். முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி, உயரம் 24 அடி, இந்த இரண்டு எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் மழைக்காலத்தில் பாதி பீதி குறையும்.

அதற்காக ரகசியம் எல்லாமே கெட்டது என்றும் சொல்லிவிடக் கூடாது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை அவரது விவரங்களோடு வெளியே கசிந்தது. 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொல்லி அரசுக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மூடி வைக்க வேண்டியதைத் திறந்துவிட்டு, திறக்க வேண்டியதை மூடி வைப்பது நம்மூரில் சகஜம்.

தேர்தல் பத்திரம் விஷயத்தில் வேறொரு வேடிக்கை. எந்தக் கட்சிக்கு யார் நன்கொடை கொடுத்தார் என்று தெரியாதபடி நடந்த திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, மார்ச்சில் பட்டியல் வந்தது. பா.ஜ.க. பெற்றதைத் தி.மு.க. ஆதரவாளர்கள் வாசித்தார்கள். ஒரு லாட்டரி நிறுவனத்திடம் தி.மு.க. பெற்ற 509 கோடியை மற்றவர்கள் வாசித்தார்கள். அ.தி.மு.க.வுக்கு வந்த சுமார் ஆறு கோடியில் பெரும்பகுதி சென்னை சூப்பர் கிங்ஸ் நிறுவனத்திடமிருந்து என்றதும் எங்கள் டீக்கடையில் கொஞ்ச நேரம் அமைதி. பட்டியலில் நம் கட்சி இருக்கும் வரியில் விரல் நிற்க வேண்டும், அது மட்டும் நடப்பதில்லை.

உண்மை கண்டறியும் பிரிவு சொல்லிவிட்டது என்றால் பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொள்வதும் தப்பு. தமிழ்நாடு அரசே 2023ல் ஒன்றை ஆரம்பித்தது. ஒன்றிய அரசு தன் பிரிவுக்குச் சட்ட பலம் கொடுக்கப் பார்த்ததை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அரசின் பிரிவு தரும் விளக்கம் உபயோகமானதுதான், ஆனால் அரசைப் பற்றிய புகாரில் அது ஒரு தரப்பின் பதில்.

கடைசியாக, கேட்கத் தெரியாமல் கேட்பது. தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து இருக்கிறது, பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், எதற்குக் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. எங்கள் தெரு மழைநீர் வடிகாலில் பாதிப் பணத்தை அடித்துவிட்டார்கள் என்று டீக்கடையே முடிவுகட்டிவிட்டதால் நான் ஒரு அலுவலகத்துக்கு எழுதினேன். "வேலை ஏன் தரமாக இல்லை? யார் பொறுப்பு?" முப்பதாம் நாள் பதில் வந்தது: இது தகவல் என்ற வரையறைக்குள் வராது. கோபம் வந்தது, ஆனால் அவர்கள் சொன்னது சரி. அந்தச் சட்டம் ஏற்கெனவே இருக்கும் காகிதத்தைத் தரும், விளக்கம் சொல்லாது. ஏன் என்று கேட்டால் தப்பித்துவிடுவார்கள், எந்தக் காகிதம் என்று கேட்டால் மாட்டிக்கொள்வார்கள். இரண்டாவது தடவை பணி ஆணையின் நகல், எம் புக் என்கிற அளவுப் புத்தகத்தின் (செய்த வேலையின் அளவை எழுதி வைப்பது) நகல், பில் நகல் என்று தனித்தனியாக எண் போட்டுக் கேட்டேன். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். தனிநபர் விவரம் என்று மறுத்தால் 8(2) பிரிவைச் சொல்லி, பொதுநலன் பெரிது என்று எழுதலாம், முக்கியமாக 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் விவரத்தை மறுக்க இடம் தரும் 8(1)(ஜெ) பிரிவைத் திருத்தி இறுக்கிய பிறகு. பதிலே வராவிட்டால் முதல் மேல்முறையீட்டுக்கு முப்பது நாள், அப்புறம் தகவல் ஆணையத்துக்குத் தொண்ணூறு நாள் அவகாசம். பெரும்பாலானோர் முதல் மறுப்போடு கடுதாசியைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள், சிலர் அதையே ஊழலுக்கு ஆதாரமாக ஃபேஸ்புக்கில் போடுகிறார்கள்.

எம் புக் வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அண்ணனும் நானும் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினோம். புத்தகத்தில் வடிகால் நீளம் 96 மீட்டர், எங்களுக்கு வந்தது 95 சொச்சம். பாதிப் பணம் போச்சு என்ற கதை அங்கேயே அடிபட்டது. ஆனால் வண்டல் வடிகட்டித் தொட்டி பதினொன்று என்று எழுதியிருந்தது, எண்ணிப் பார்த்தால் எட்டு. மறுபடி எண்ணினோம், எட்டுதான். அந்த எண்ணிக்கையைக் குறிப்பிட்டு அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதியிருக்கிறேன்.

மறுநாள் டீக்கடையில், "என்ன சார், எவ்ளோ தின்னுருக்கானுங்க?" என்றார் மாஸ்டர்.

"மூணு தொட்டி காணோம் மாஸ்டர். இப்போதைக்கு அவ்ளோதான் தெரியும்."

அவருக்கு அது போதவில்லை.