மெய்நிகர் மெயில் சர்வருக்கு டிஸ்க் ஒதுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விஎம்வேர் மெய்நிகராக்க மென்பொருளில் மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சை அமைக்கும் புதியவர்களின் ஸ்டோரேஜ் திட்டங்கள் அடிக்கடி என் பார்வைக்கு வருகின்றன. நாங்கள் தொடக்கத்தில் செய்த பிழைகள்தான் பெரும்பாலும் அவற்றில் இருக்கின்றன. ரெய்டு வேண்டும், பேக்கப் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மெயில்பாக்ஸ் அளவை மட்டும் கூட்டுவது

200 பேர், ஆளுக்கு 5 ஜிபி, ஆக 1 டிபி. கணக்கு இதோடு முடிவதில்லை. பயனர் அழித்த மெயில், மாற்றாமல் விட்டால், 14 நாள் டேட்டாபேஸுக்குள்ளேயே கிடக்கும். 50 பேருக்குப் போன இணைப்புக் கோப்பை ஒரே பிரதியாக வைத்துக்கொள்ளும் வசதியும் எக்ஸ்சேஞ்ச் 2010-லேயே நீக்கப்பட்டுவிட்டது, ஆளுக்கொரு பிரதி இடம் பிடிக்கும்.

ஸ்னாப்ஷாட்டை பேக்கப் என்று நம்புவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். ஒரு நிறுவனத்தில் அப்டேட் போடும் முன் ஸ்னாப்ஷாட் (மெய்நிகர் சர்வரின் அந்த நொடி நிலையைப் பிடித்து வைப்பது) எடுத்தார்கள். நல்ல காரியம்தான். அப்டேட் சரியாக முடிந்தது. ஸ்னாப்ஷாட்டை அப்படியே விட்டுவிட்டார்கள், "இருந்துவிட்டுப் போகட்டும், பேக்கப் மாதிரி" என்று.

ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியிலிருந்து டிஸ்கில் எழுதப்படும் ஒவ்வொன்றும், மாற்றங்களை மட்டும் வைக்கும் தனி டெல்டா கோப்புக்குத்தான் போகிறது. மெயில் சர்வரோ ஓயாமல் எழுதும்: வரும் மெயில், லாக், தேடல் குறியீடு, அழித்த பக்கங்களைச் சீரமைக்கும் வேலை. டெல்டா மூல டிஸ்க் அளவுக்கே வளரக்கூடும். அங்கே சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை டேட்டாஸ்டோர் (மெய்நிகர் டிஸ்குகள் இருக்கும் பொது ஸ்டோரேஜ் இடம்) நிரம்பி மெயில் சர்வர் உறைந்து நின்றது. அதே டேட்டாஸ்டோரில் தின் டிஸ்கில் (எழுத எழுத மட்டும் இடம் எடுத்து வளரும் டிஸ்க்) ஓடிய மற்ற சர்வர்களும் எழுத இடமின்றி நின்றன.

அப்புறம்தான் பெரிய சிக்கல். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்னாப்ஷாட்டை அழித்து ஒன்றுசேர்க்கவும் இடம் வேண்டும். இடையில் எழுதப்படுபவற்றுக்கு இன்னொரு டெல்டா பிறக்கும். அவசரமில்லாத ஒரு சர்வரை நிறுத்தி, அதன் ஸ்வாப் கோப்பு (ஓடும்போது நினைவகத்துக்காக டிஸ்கில் பிடித்து வைப்பது) விட்ட இடத்தில்தான் தொடங்க முடிந்தது. ஒன்றுசேர்ந்து முடிய நாள் முழுக்க ஆனது.

சரி, பழைய நிலைக்குத் திரும்பலாமே என்றால், திரும்பும் நொடியில் இடைப்பட்ட வார மெயில்கள் அத்தனையும் போய்விடும். டிஏஜி (ஒரே டேட்டாபேஸின் பிரதிகளைப் பல எக்ஸ்சேஞ்ச் சர்வர்களில் வைக்கும் குழு) இருந்தால் மற்ற சர்வர்கள் முன்னே போயிருக்க, இது மட்டும் பின்னே நிற்கும். எக்ஸ்சேஞ்ச் சர்வருக்கு இப்படி ஸ்னாப்ஷாட் எடுப்பதை மைக்ரோசாஃப்ட் ஆதரிப்பதே இல்லை. எந்த ஸ்னாப்ஷாட்டையும் 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது விஎம்வேரின் அறிவுரை. எப்படியும் எடுப்பேன் என்பவர் வேலை முடிந்த அன்றே அழித்துவிடுங்கள். பழைய ஸ்னாப்ஷாட் இருந்தால் எச்சரிக்கும் அலாரமும் வையுங்கள்.

லாக் டிஸ்கைச் சிறிதாக வைப்பது

டேட்டாபேஸ் மாற்றங்களைப் பதியும் ஒவ்வொரு லாக் கோப்பும் 1 எம்பி. சர்குலர் லாகிங் (பழைய லாகைத் தானே அழித்துக்கொள்ளும் முறை) இல்லாத இடத்தில், எக்ஸ்சேஞ்சை அறிந்த பேக்கப் முழுதாக முடிந்தால்தான் அவை நீங்கும். நீண்ட விடுமுறையில் பேக்கப் தோற்றால் டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் கழன்று மெயில் நின்றுவிடும். 10 ஜிபி மெயில்பாக்ஸை நகர்த்தினால் போய்ச் சேரும் இடத்தில் கிட்டத்தட்ட அதே அளவு லாக் உருவாகும். பெரும்பாலான திட்டங்களில் இந்தக் கணக்கு இருப்பதே இல்லை.

என்எஃப்எஸ் டேட்டாஸ்டோர்

என்எஃப்எஸ் என்பது நெட்வொர்க் கோப்புப் பகிர்வு முறை. அதில் எக்ஸ்சேஞ்ச் தரவை வைக்க மைக்ரோசாஃப்டின் ஆதரவு கிடையாது. வேண்டாம்.

டிஏஜியின் எல்லாப் பிரதியும் ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில்

பெட்டி போனால் எல்லாம் போகும்.

மீட்பதற்கு இடம் விடாதது

அழிந்த ஒரே ஒரு மெயில்பாக்ஸை பேக்கப்பிலிருந்து எடுக்கவும், வழக்கமாக முழு டேட்டாபேஸையும் மீட்பு டேட்டாபேஸாக வேறிடத்தில் இறக்க வேண்டிவரும். உங்களிடம் உள்ள மிகப் பெரிய டேட்டாபேஸும் அதன் லாகுகளும் கொள்ளும் அளவுக்கு ஒரு காலி டிஸ்க்கை முதல் நாளே ஒதுக்குங்கள்.