இன்வெர்னஸ் கவுன்டி ஆவணங்கள்: தேடுபவர்கள் தடுமாறும் இடங்கள்

ஸ்காட்லாந்தின் இன்வெர்னஸ் கவுன்டியை (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ஆண்ட கவுன்டி கவுன்சில் 1889 சட்டத்தால் உருவாகி, 1890 முதல் 1975 மே 16 வரை இயங்கியது. அதன் காகிதங்கள் ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. இருந்தும் தேடி வருபவர்கள் வெறுங்கையோடு திரும்புவது சகஜம். அந்த ஊரில், அந்த ஆண்டில், அந்த வேலை யார் பொறுப்பில் இருந்தது என்று முதலில் பார்க்காமல் நேராகக் கவுன்சிலின் மினிட் புத்தகத்தை (கூட்ட நடவடிக்கைக் குறிப்பேடு) புரட்டுவதுதான் காரணம்.

முதல் சறுக்கல் தீவுகளில். லூயிஸும் ஹாரிஸும் ஒரே நிலப்பரப்பு. நடுவில் கடல் கிடையாது. ஆனால் 1975 வரை லூயிஸ் ராஸ் அண்ட் குரோமார்ட்டி கவுன்டியிலும், ஹாரிஸ் இன்வெர்னஸ் கவுன்டியிலும் இருந்தன. ஸ்கை, வடக்கு யூயிஸ்ட், தெற்கு யூயிஸ்ட், பாரா ஆகியவையும் இன்வெர்னஸைச் சேர்ந்தவை. ஹாரிஸ் பிள்ளைகள் உயர்படிப்புக்குப் பக்கத்திலிருந்த லூயிஸின் ஸ்டோர்னோவேயை விட்டுவிட்டுக் கடல் தாண்டி ஸ்கையின் போர்ட்ரீக்கும் இன்வெர்னஸுக்கும் போனது இதனால்தான். 1975இல் இந்தத் தீவுகளில் ஸ்கை மட்டும் ஹைலாண்ட் பிராந்தியத்துக்குப் போனது. மற்றவை லூயிஸோடு சேர்ந்து மேற்குத் தீவுகள் கவுன்சிலின் கீழ் வந்தன. ஆகவே ஹாரிஸ் பற்றித் தேடுபவர் இன்வெர்னஸிலுள்ள ஹைலாண்ட் ஆவணக் காப்பகம், ஸ்டோர்னோவேயிலுள்ள தஸ்க்லன் நன் ஏலன் என்ற தீவுகளின் காப்பகம் ஆகிய இரண்டின் அட்டவணைகளையும் பார்க்க வேண்டும். ஒன்றில் இல்லை என்றதும் நிறுத்திவிடக் கூடாது.

எல்லைகள் அதற்கு முன்பும் நகர்ந்திருக்கின்றன. 1889 சட்டப்படி அமைந்த எல்லை ஆணையர்கள் 1891இல் பல பாரிஷ்களின் (தேவாலய வட்டத்தை ஒட்டிய சிறு நிர்வாகப் பகுதி) எல்லைகளைத் திருத்தினார்கள். ரம், கன்னா, மக் தீவுகள் அதுவரை ஆர்கைல் கவுன்டியில் இருந்தன. பக்கத்திலுள்ள எய்க் மட்டும் இன்வெர்னஸில். திருத்தத்துக்குப் பிறகு நான்கும் இன்வெர்னஸ். அரசின் நில அளவைத் துறையான ஆர்டினன்ஸ் சர்வே வெளியிட்ட பழைய ஆறு அங்குல (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) வரைபடத்தின் முதல் பதிப்பு 1891க்கு முன் அளந்தது. அதில் தெரியும் கவுன்டிக் கோட்டை 1900ஆம் ஆண்டுத் தேடலுக்கு நம்பினால் தவறான பெட்டிதான் கைக்கு வரும்.

இதைவிடப் பெரிய தவறு, 1890 முதலே எல்லாவற்றையும் கவுன்சில்தான் நடத்தியது என்று எண்ணுவது. தொடக்கத்தில் அதன் கையில் இருந்தவை முக்கியமாகச் சாலை, பொதுச் சுகாதாரம், கால்நடை நோய்த் தடுப்பு. காவல்துறை தனியாக ஒரு கூட்டு நிலைக்குழுவிடம் இருந்தது. கவுன்சிலர்களும், 1667 முதல் நிலவரி வசூலித்துவந்த சப்ளை ஆணையர்களும், கவுன்டி நீதிபதியான ஷெரிஃபும் சேர்ந்தது அந்தக் குழு. பெரிய கட்டுமானச் செலவுக்கும் கடனுக்கும்கூட அதன் ஒப்புதல் தேவைப்பட்டது. ஒரு பாலத்தின் கதை கவுன்சில் மினிட்டில் பாதியில் அறுந்துபோனால், மீதியை இந்தக் குழுவின் புத்தகத்தில் தேடுங்கள்.

பள்ளிகள் 1873 முதல் பாரிஷ் பள்ளி வாரியங்களிடமும், 1919 முதல் கல்வி ஆணையம் என்ற தனி அமைப்பிடமும் இருந்தன. ஏழைகளுக்கான உதவியை 1845 முதல் பாரோக்கியல் போர்டுகள் என்ற பாரிஷ் வாரியங்களும், 1895 முதல் பாரிஷ் கவுன்சில்களும் கவனித்தன. 1929 சட்டம் இவை எல்லாவற்றையும் கலைத்தது. 1930 மே 16 அன்றுதான் பள்ளியும் ஏழை உதவியும் காவலும் கவுன்டி கவுன்சிலுக்கு வந்தன. இந்தத் தேதியை மட்டுமாவது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். செயின்ட் கில்டா தீவின் 36 பேரும் அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று வெளியேற்றப்பட்டார்கள். அந்தத் தீவு இன்வெர்னஸ் கவுன்டி, ஹாரிஸ் பாரிஷ். அவர்களில் பெரும்பாலோர் குடியேறிய மார்வன் ஆர்கைலைச் சேர்ந்தது. ஒரே ஆண்டில் ஒரே குடும்பத்தின் தடம் மூன்று அமைப்புகளின் காகிதங்களில் சிதறிக் கிடக்கிறது.

ஏழைகள் பதிவேட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. பணம் கொடுக்க வேண்டியது அந்த ஆள் உரிமை பெற்ற பாரிஷ். வசிக்கும் பாரிஷ் அல்ல. பிறப்பால் உரிமை வரும். அல்லது ஓரிடத்தில் ஐந்தாண்டு வசித்தால் வரும், 1898க்குப் பிறகு மூன்றாண்டு. அதனால் இன்வெர்னஸ் நகரில் இறந்த மூதாட்டியின் முழு விவரம் ஸ்கையின் ஏதோ ஒரு பாரிஷ் புத்தகத்தில் இருக்கலாம். வேலையில்லை என்ற ஒரே காரணத்துக்காக உடல் திடமானவர் உதவி கேட்கும் உரிமை 1921 வரை இல்லை. பெயர் பதிவேட்டில் இல்லை என்பதால் அந்தக் குடும்பம் வசதியாக இருந்தது என்று முடிவு கட்டாதீர்கள்.

இன்வெர்னஸ் நகரம் வேறு, கவுன்டி வேறு. நகரம் 1975 வரை தனக்கென்று கவுன்சில் இருந்த பர்க் (தனி நகராட்சி). நகரத் தெருவிளக்கைக் கவுன்டி மினிட்டில் தேடுவது வீண். ஆனால் 1930க்குப் பிறகு நகரப் பள்ளிகளும் கவுன்டியின் பொறுப்பு.

சொத்து வரிக்கான மதிப்பீட்டுப் பட்டியல்கள் 1855 முதல் 1989 வரை ஆண்டுதோறும் தயாரானவை. ஓர் ஆண்டு என்பது மே மாத விட்சண்டே தவணை (குத்தகை, வாடகைக் கணக்கு நாள்) முதல் அடுத்த விட்சண்டே வரை. 1905–06 பட்டியலில் உள்ளவர் 1906 டிசம்பரில் அங்கே இருந்தார் என்று சொல்ல முடியாது. உரிமையாளர், குத்தகைதாரர், குடியிருப்பவர், ஆண்டு மதிப்பு ஆகியவை இருக்கும். வீட்டிலிருந்த மனைவி, பிள்ளைகள் பொதுவாக இருக்கமாட்டார்கள். ஆண்டுக்கு 4 பவுண்டுக்குக் குறைவான வாடகையில் குறுகிய காலத்துக்கு விட்ட வீடுகளில் குடியிருப்பவர் பெயரை எழுதக் கட்டாயமில்லை. ஒரே கிராமத்தில் ஐந்து ஜான் மெக்டொனால்டுகள் இருப்பது இங்கே சாதாரணம். பெயரை மட்டும் நம்பாமல் எஸ்டேட்டையும் கிராஃப்ட் (சிறு குத்தகை நிலம்) எண்ணையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிராஃப்ட் வாடகைத் தகராறைக் கவுன்சிலில் தேட வேண்டாம். அது 1886இல் அமைந்த கிராஃப்டர்ஸ் கமிஷனுக்கும், 1912 முதல் நில நீதிமன்றத்துக்கும் போனது. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவும் 1855 முதல் தலைமைப் பதிவாளரின் துறையைச் சேர்ந்தது.

பலரும் தொடாமல் போவது கவுன்டி மருத்துவ அதிகாரியின் ஆண்டறிக்கை. மினிட் புத்தகம் தீர்மானத்தை மட்டும் சொல்லும்: குழாய் போட ஒப்புதல், அவ்வளவுதான். அந்தக் கிணறு எப்படிக் கெட்டது, எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்தது என்பதற்கு இந்த அறிக்கையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு கிராமத்தின் வரலாற்றை எழுதுபவர் இதிலிருந்தே தொடங்கலாம் என்பது எங்கள் கருத்து.

போவதற்கு முன் பார்வைக் கட்டுப்பாட்டையும் விசாரித்துவிடுங்கள். தனிநபர் விவரம் உள்ள ஏடுகள் பெரியவர்களுக்கு 75 ஆண்டு, குழந்தைகளுக்கு 100 ஆண்டு என மூடியிருப்பது வழக்கம். அட்டவணை எண்ணோடு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். ஸ்கை ஆவணங்களுக்குப் போர்ட்ரீயிலும் லோக்காபர் பகுதிக்கு ஃபோர்ட் வில்லியமிலும் கிளைக் காப்பகங்கள் உள்ளன; நீங்கள் தேடும் ஏடு இன்வெர்னஸில் இல்லாமல் அங்கே இருக்கக்கூடும்.