ஏர் சஸ்பென்ஷன் வண்டியா? அலைன்மென்டுக்கு முன் உயரத்தை அளந்து பாருங்கள்

தொப்பூர் இறக்கத்தில் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால் வயிறு கலங்கிவிடும். அதற்காகப் பழைய ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை தாங்கும்) எஸ்யூவியை, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் அலைன்மென்ட் மெஷினில் நேரே ஏற்றிவிடாதீர்கள். வண்டியின் உயரம் மாறினால் கேம்பரும் (முன்னாலிருந்து பார்க்கையில் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) டோவும் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கூடவே மாறும். தாழ்ந்து நிற்கும் வண்டிக்குச் செய்த அலைன்மென்ட் வீண்.

டயர் காற்றைச் சரிபார்த்து, சமதரையில் நார்மல் உயரத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்தும் மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்யும் முன் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் நன்றாக இறங்கியிருந்தால் அங்கே காற்றுக் கசிவாக இருக்கலாம். சோப்பு நுரை தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

தர்மபுரியில் அலைன்மென்ட் கடைக்காரரிடம் ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி) பற்றிக் கட்டாயம் கேளுங்கள்: “அண்ணா, ஸ்கேனர் போட்டு உயரத்தை லாக் பண்ணிட்டுத்தானே அலைன்மென்ட் பார்ப்பீங்க?” தயங்கினால், சேலமோ ஓசூரோ போய்விடுவது நல்லது.