மறைந்த தேடுசொற்களிலிருந்து விளம்பரத்துக்கு வழி காண்பது எப்படி?

கணக்கில் உள்நுழைந்து தேடுவோரின் தேடுசொற்களைத் தள உரிமையாளர்களிடமிருந்து 2011 அக்டோபரில் கூகுள் மறைக்கத் தொடங்கியது. 2013-க்குள் ஏறத்தாழ எல்லாத் தேடல்களும் தளத்துக்கு வருவோரைக் கணக்கிடும் கூகுள் அனலிடிக்ஸில் 'நாட் புரொவைடட்' (தரப்படவில்லை) என்ற ஒரே வரிக்குள் அடங்கிவிட்டன. தமிழக எல்லையை ஒட்டி, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் தென்னை நார்க்கழிவுக் கட்டி விற்கும் எங்கள் கடைக்கு விளம்பரம் கொடுத்தபோது, அந்த வரிக்குப் பின்னால் இருந்தவற்றைத் தேடி எடுத்த முறையை இங்கே எழுதுகிறேன்.

கூகுள் தேடலில் நம் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் இலவசக் கருவியான சர்ச் கன்சோலில் தளம் நம்முடையதுதான் என்று உறுதிசெய்து, விளம்பரம் கொடுக்கும் கூகுள் ஆட்ஸுடன் இணைத்துவிட்டு, தேடுசொற்களும் கிளிக்குகளும் இருக்கும் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையின் 16 மாதத் தரவையும் எக்செலில் இறக்கிக்கொள்ளுங்கள். காசு கட்டும் தேடுசொல் கருவிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை தருவது மதிப்பீடு, இதுவோ நம் கடையைக் கண்டவர்கள் தட்டிய சொல்.

நான் இடறி விழுந்தது அடுத்த படியில்தான். வரிகளின் கிளிக்குகளைக் கூட்டினால் மேலே காட்டும் மொத்தத்தைவிடக் குறைவாகவே வரும். இறக்குவதில் பிழையென்று எண்ணி இரண்டு நாள் மீண்டும் மீண்டும் இறக்கினேன். இரண்டு மூன்று மாதங்களில் சில டஜன் பேருக்கு மேல் தேடாத சொற்களைத் தனியுரிமை கருதிக் கூகுள் பட்டியலில் காட்டுவதில்லை என்பதும், பட்டியலே 1,000 வரிகளோடு நின்றுவிடும் என்பதும் பிறகே புரிந்தது. சொல்லால் வடிகட்டினால் அந்த மறைந்த தேடல்கள் மொத்தத்திலிருந்தும் விழுந்துவிடும். பக்கத்தால் வடிகட்டினால் விழுவதில்லை. ஆகவே முதலில் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். சொல் தெரியாவிட்டாலும், வந்தவர் விலைப் பக்கத்துக்கு வந்தாரா, உரம் தயாரிக்கும் குறிப்புக்கு வந்தாரா என்பது தெரிந்துவிடும்.

தெரிந்த சொற்களைப் பிரிக்கும்போது எல்லைப்புறத்து வழக்கைக் கவனியுங்கள். நாம் நார்க்கழிவு என்பதை மலையாளத்தில் சகிரிச்சோறு என்பார்கள். அதையும் ஆங்கில எழுத்தில் தட்டுவோர் பலர். 'சகிரிச்சோறு வில' என்பவர் வாங்க வந்தவர், 'சகிரிச்சோறு உண்டாக்குன்ன விதம்' என்பவர் வீட்டிலேயே செய்துகொள்பவர். பின்னதை ஆட்ஸில் எதிர்மறைச் சொல்லாக, அதாவது அதைத் தேடுவோருக்கு விளம்பரம் காட்டாதபடி தடுக்கும் சொல்லாக, சேர்த்துக்கொள்ளுங்கள். எதிர்மறைச் சொல் தன் இணைச்சொல்லைத் தடுக்காது என்பதால், தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மூன்று எழுத்து முறையிலும் தனித்தனியே சேர்க்க வேண்டும்.

பின்சேர்க்கை: பாலக்காடு மாவட்டத்தை மட்டுமே குறிவைத்தும் வெளிநாட்டிலிருந்து கிளிக் வருவதாக நகரியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஆட்ஸின் இட அமைப்பு இயல்பாகவே, குறிவைத்த இடத்தில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரரையும் சேர்த்துக்கொள்ளும். 'பிரசென்ஸ்' (அங்கே இருப்போர்) என்பதை மட்டும் தேர்ந்தெடுத்தால் அது பெரும்பாலும் நின்றுவிடும்.