ஃபயர் ஸ்டார்ட்டர் கத்தியில பொறி வர, கத்தியை அசைக்காதீங்க, குச்சியை பின்னால இழுங்க

பெங்களூர்ல இருந்து வீக்கெண்ட் கேம்பிங் போறவங்க நிறைய பேர் கையில இப்போ கைப்பிடியிலயோ உறையிலயோ ஃபயர் ஸ்டார்ட்டர் குச்சி வச்ச கத்தி இருக்கு, அதுல நெருப்பு பத்த வைக்க கத்தியோட கூர் பக்கத்தை யூஸ் பண்ணாதீங்க, கூர் மழுங்கிடும், முதுகுப் பக்கத்தை குச்சி மேல அழுத்தி வச்சு, கத்தியை அசைக்காம குச்சியை மட்டும் நம்ம பக்கம் இழுங்க. கத்தியை முன்னால தள்ளினா கை வேகத்துல போய் அடுக்கி வச்ச பஞ்சு, சருகு எல்லாத்தையும் கலைச்சிடும். புதுக் குச்சின்னா மேல இருக்கிற கருப்பு கோட்டிங்கை முதல்ல சுரண்டி எடுத்துடுங்க, அது இருக்கிற வரைக்கும் பொறி சரியா வராது.

அந்தக் குச்சி ஃபெரோசீரியம்ங்கிற உலோகக் கலவை, சுரண்டும்போது உதிர்ற துகள் காத்துல பட்டதும் தானாவே எரியும், சூடு சுமார் 3000 டிகிரி வரைக்கும் போகும். ஆனா ஒரு நொடி கூட நிக்காது, அதனால விறகுல நேரா பத்தாது. சாதாரண பஞ்சுல கொஞ்சம் வாசலின் தடவி பிச்சு விட்டு வச்சுக்கோங்க, டக்குனு பிடிக்கும், சில நிமிஷம் நின்னு எரியும், செலவும் ரொம்ப கம்மி.

கத்தி முதுகு உருண்டையாவோ பெயிண்ட் கோட்டிங்கோடவோ இருந்தா இது வேலைக்கு ஆகாது, அப்போ தனி ஸ்க்ரேப்பர் வச்சுக்கோங்க. சாவனதுர்கா, ஸ்கந்தகிரி மாதிரி காட்டுப் பகுதியில தயவுசெஞ்சு நெருப்பே வேண்டாம், அனுமதி இருக்கிற கேம்ப் சைட்ல மட்டும் பண்ணுங்க. ஃப்ளைட்ல போறீங்கன்னா இந்தக் கத்தியை கேபின் பையில வைக்க முடியாது.